உயிர்த் தண்ணீர்

ஐப்பசி 2

வடக்குச் செய்யில் புழுதி விதைப்பு முடிந்தது. மழை பிந்தியதால் இந்த வருஷம் தாமதம். வயல் முழுவதும் முத்துவெள்ளை நெல்தான். என் மனைவி இருளாயி மண் குதிரான குலுக்கையிலிருந்து விதையை அள்ளிக் கொடுத்தாள், நான் வாங்கித் தூவினேன். எங்கள் வீட்டில் அதுதான் முறை. வயலில் கதிர் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அதை உதறிக் காயவைத்து, நொச்சி இலை போட்டுக் குலுக்கையில் அடைப்பது அவள் பொறுப்பு. குலுக்கைக்குள் ஆண் கை போகக் கூடாது என்பது என் அப்பா காலத்துக் கட்டுப்பாடு. நான் மீறியதில்லை.

இதையெல்லாம் எழுதி வைக்கக் காரணம் உண்டு. முத்துவெள்ளை இந்த வருஷம் உழவர் ரகமாக அரியமுத்து என்ற என் பெயரில் பதிவாகப் போகிறது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். மதுரைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கல்லூரிப் பாடநூலை அகராதி வைத்துக்கொண்டு படித்து, குரோமோசோம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டவன். முன்பு ஒரு அதிகாரி என் நெல்லைச் சாக்கில் வாங்கிப் போனார். இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை. அந்த வயிற்றெரிச்சல் இந்த வருஷம் தீரும்.

அப்பா விட்டுப்போனது வால் நெல். செந்நெல், ஆளுயரம், ஒவ்வொரு மணிக்கும் நீண்ட வால். எங்கள் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது ஒரு பெரும் பஞ்சம் வந்தது. ஊரே அரிசிக்காக ரோட்டில் மண் சுமந்தது. என் வீட்டிலிருந்து யாரும் நிவாரண வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, நான் தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடைக்குப் போனேன். விதை நெல்லிலும் கை வைக்காத வீடு இது. அடுத்த வருஷம் அதே விதை வெளியே வந்தபோது வால் இல்லை, உயரம் குறைவு, அரிசி வெள்ளை. தாங்காததை வறட்சி கழித்துவிட்டது, தாங்கியதை நான் பொறுக்கி எடுத்தேன். அதுதான் முத்துவெள்ளை.

ஐப்பசி 6

மழை இல்லை.

ஐப்பசி 11

ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போய் வந்தேன். அங்கே சுகிர்தா என்றொரு பெண், டாக்டர் பட்டம் வாங்கியவள், என் நெல்லைச் சோதிக்கிறாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. மழை மறைப்புக் கொட்டகையைக் காட்டினாள். தகரம் அல்ல, வெள்ளை பிளாஸ்டிக் கூரை. மழை வந்தால் இழுத்து மூடுகிறார்கள். வானம் பெய்தாலும் பயிருக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது.

அவள் செய்வது இதுதான். நெல்லுக்குள் சில மரபணுப் பகுதிகள் உண்டு. பூக்கும் நேரத்தில் நிலம் காய்ந்தாலும் மணி பிடிக்க வைப்பவை. அவை பழைய நாட்டு நெல்களில் இருக்கின்றன. ஜனங்கள் விரும்பிச் சாப்பிடும் வெள்ளை நெல்லில் இல்லை. இரண்டையும் ஒட்டுச் சேர்த்து, பிறந்ததை மறுபடி மறுபடி வெள்ளை நெல்லோடு சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் துளி இலையை அரைத்துப் பார்த்து, அந்தப் பகுதி உள்ளதை மட்டும் வைத்துக்கொள்கிறாள். வேற்று மரபணு எதையும் கொண்டுவந்து செருகுவதில்லை, எல்லாம் நெல்லிலிருந்து நெல்லுக்குத்தான். கொட்டகையில் நிற்பது பல வருஷத்து உழைப்பு. ஓர் ஓரத்தில் என் முத்துவெள்ளையும் நிற்கிறது.

"பூக்கையில தண்ணிய நிறுத்திருவோம்யா. இலையெல்லாம் சுருண்டு, இன்னும் விட்டா செத்துரும்ங்கிற நேரத்துல ஒரே ஒரு தண்ணி."

"உயிர்த் தண்ணி" என்றேன். எங்கள் பக்கம் அதற்கு அதுதான் பெயர்.

"அதேதான். அந்த நாள் தப்புனா எல்லாம் போச்சு. மாசியோட என் ஒப்பந்தம் முடியுது. இந்தப் பயிரோட விளைச்சலக் காட்டுனாத்தான் நீட்டிப்பாங்க."

பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். "ஒரே வருஷத்துல வாலும் போயி, செவப்பும் போயி, உசரமும் குறையுமாய்யா?"

என் புத்தகத்தில் இல்லாததும் என் வயலில் நடக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசி 14

இருளாயியின் தம்பி சேதுராசு வந்தான். சாப்பிட்ட கையோடு தொடங்கிவிட்டான்.

"என்ன மச்சான், உங்க நெல்லுக்குப் பேரு வைக்கிற விசேசம் எப்ப? மொய் எழுதணும்ல."

"தை மாசம் வந்துரும் மாப்ள."

"பாத்தா அப்படியே டிப்போ நெல்லு மாதிரித்தான் இருக்கு. பேரு மட்டும் ராசா பேரு."

டிப்போ நெல் என்பது வெகு காலத்துக்கு முன்பு அரசாங்க டிப்போவில் கொடுத்த ரகம். இந்த வட்டாரமே அதைத்தான் விதைக்கிறது. இவன் இதே கேலியை வருஷக்கணக்காகச் செய்கிறான். இருளாயி அவனை முறைத்தாள். "தின்னமா, போனமான்னு இருடா" என்றாள். எனக்காகப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

ஐப்பசி 19

அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு படம். கறுப்புப் பின்னணியில் ஏணிப் படிகள் மாதிரி வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு நெல்லுக்கும் கோடுகள் வேறு இடத்தில் விழுமாம். மனிதனுக்குக் கைரேகை போல.

"கோவிச்சுக்காதீங்கய்யா. மூணு தடவை பாத்துட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்."

"எதும் எதும் ஒண்ணு?"

"உங்க முத்துவெள்ளையும் டிப்போ நெல்லும். ஒரு கோடு கூட மாறல."

வறட்சி தாங்கும் பகுதி இல்லையா என்றேன். இல்லையாம். பின் எப்படி எங்கள் பூமியில் விளைகிறது என்று கேட்டேன். "சீக்கிரம் விளைஞ்சு தப்பிச்சிருதுய்யா. தப்பிக்கிறது வேற, தாங்குறது வேற" என்றாள். அப்பா காலத்து வால் நெல் ஒரு பிடியாவது எங்கேயாவது கிடைக்குமா, அதில்தான் அந்தப் பகுதி இருக்க வாய்ப்பு என்றாள்.

"அதுதாம்மா இது" என்றேன். "அதே குலுக்க. அதே வெத."

மோர் கொண்டு வந்த இருளாயி, செம்பை வைத்துவிட்டுப் பாதிப் பேச்சில் உள்ளே போய்விட்டாள். இந்த விஷயமெல்லாம் அவளுக்குப் புரியாது.

ஐப்பசி 20

யோசித்துப் பார்த்தேன். இரண்டு வழிதான் உண்டு. என் வயல் பொய் சொல்ல வேண்டும், அல்லது பொட்டணம் மாறியிருக்க வேண்டும். என் வயல் பொய் சொல்லாது.

ஐப்பசி 27

போனில் நேராகவே கேட்டேன். "நான் குடுத்த பொட்டணம்தானா அது?" "வேற விதை எடுத்துட்டு வாங்கய்யா, உங்க முன்னாலயே பாப்போம்" என்றாள். ஒரு தடவை மாற்றியவருக்கு இரண்டாம் தடவை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? வைத்துவிட்டேன்.

கார்த்திகை 12

கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் நாள். மைக் என் கைக்கு வந்தது. காலமெல்லாம் இந்த மைக்குக்காகக் காத்திருந்தவன் போலப் பேசினேன். என் நெல்லை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் டிப்போ நெல்லைச் சோதித்து, என்னைப் பொய்யனாக்கிவிட்டார்கள் என்றேன். எந்தக் கம்பெனிக்கு விற்றார்களோ என்றும் சொன்னேன். அது பேச்சு வேகத்தில் வந்தது. கூட்டம் மேஜையைத் தட்டியது.

அந்தப் பெண் பின் வரிசையில் இருந்தாள். எழுந்து நின்று, "நான் மாத்தல சார்" என்றாள். விசாரணை முடியும்வரை சோதனைக் கூடத்தையும் கொட்டகையையும் யாரும் தொடக் கூடாது என்று ஆட்சியர் உத்தரவு போட்டார். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "சார், பயிர் பூக்குது. தண்ணிய நிறுத்தியிருக்கேன். தீபம் கழிஞ்சு ஒரு வாரத்துக்குள்ள ஒரு தண்ணி விடணும். அத மட்டும் விட விடுங்க."

பண்ணைத் தலைவர் பயந்த மனிதர். எழுத்தில் உத்தரவு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து இருளாயியிடம் முழுவதும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்தப் புள்ள பேரச் சொல்லியா பேசுனீக?"

"பேரச் சொன்னாத்தானே ஒறைக்கும்?"

கார்த்திகை 13

ஊரில் மூன்று பேர் கை கொடுத்தார்கள். கூரையை இழுத்து மூடி, கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாயிற்றாம்.

கார்த்திகை 15

எழுத ஒன்றும் இல்லை. கிழக்கு வேலிக்கு முள் அடைத்தேன்.

கார்த்திகை 16

மழை தொடங்கியது. நல்ல மழை. வடக்குச் செய் குடித்தது.

கார்த்திகை 17

தீபம். மழையில் அகல் நிற்கவில்லை. இருளாயி வாசலில் ஏற்றினாள், அணைந்தது, மறுபடி ஏற்றினாள்.

கார்த்திகை 18

மூன்று நாளைக்கு முன்பு இருளாயி ஒன்று சொன்னாள். வயதாகிவிட்டால் ஞாபகம் பிசகும். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி வைக்கிறேன், பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

"அந்தப் புள்ள பொட்டணத்த மாத்தல. மாத்துனது நானு. பஞ்சத்துல நீங்க தஞ்சாவூரு போயிட்டீக. மண்ணு செமக்கப் போகக் கூடாதுன்னுட்டுப் போயிட்டீக. பெரியவன் வேப்பம்பழத்தப் பெறக்கித் தின்னுட்டு வயித்தாலயாக் கெடந்தான். சின்னவளுக்கு எனக்குப் பாலு இல்ல. குலுக்கையத் தொறந்தேன். தெனம் ஒரு ஒழக்கு. அடி தெரியுற வரைக்கும் குத்திக் காச்சி ஊத்துனேன். மழ வாரதுக்கு முன்னாடி சேதுராசு டிப்போவுல வெத வாங்கியாந்து குடுத்தான். அதக் கொட்டி மூடுனேன். பெறகு நீங்க வந்து வெதச்சீக. வெளஞ்சதப் பாத்துட்டு ஆடுனீக பாருங்க ஒரு ஆட்டம், அதுக்குப் பெறகு எப்படிச் சொல்ல?"

"இத்தன வருசமாவா?" என்றேன்.

"ஒவ்வொரு வருசமும் சொல்லணும்னுதான். நீங்க எவனுக்கும் கெடுதல் பண்ணல, ஒரு நெல்லுக்குப் பேரு வச்சுச் சந்தோசப்பட்டீக. போகட்டும்னு விட்டேன். இப்ப ஒரு பொம்பளப்புள்ள தலையில வச்சுட்டீகளே."

விதை நெல்லைத் தின்ற வீடு. எழுதும்போதே பேனா நிற்கிறது.

அவள் பிசகித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கார்த்திகை 20

மழை. ஆட்டுக் கொட்டிலில் ஒழுகுகிறது. ஓலை மாற்றினேன்.

கார்த்திகை 21

சேதுராசை வரச் சொன்னேன். இருளாயி சொன்னது உண்மையா என்று கேட்டேன். கேலி செய்வான் என்று நினைத்தேன், செய்யவில்லை. கொஞ்சம் பயந்துதான் பதில் சொன்னான்.

"மெய்தான் மச்சான். அக்கா சத்தியம் வாங்கிருச்சு. நானும் வாய அடக்க மாட்டாமத்தான் அப்பப்ப டிப்போ நெல்லுன்னு சொல்லிக் காட்டுவேன். நீங்கதான் ஒருக்காக்கூட ஏன்டான்னு கேக்கல."

பிறகு அவனே ஒரு யோசனை சொன்னான். "ஒண்ணும் கெட்டுப் போயிரல. எங்க ஊருல யாராச்சும் ஒரு வீட்டுல வால் நெல்லு கெடக்கும். ரெண்டு படி வாங்கியாருவோம். அதக் கொண்டு போயி, இதுதான் நான் குடுத்த நெல்லுன்னு விசாரணையில வைங்க. சோதிச்சா வேற நெல்லுன்னு வரும். பொட்டணத்த மாத்துனது அந்தம்மாதான்னு ஆயிரும். உங்க பேரும் நிக்கும், அக்கா பேரும் வெளிய வராது."

அவனைத் திட்டி அனுப்பியிருக்க வேண்டும். பார்க்கலாம் என்றேன்.

கார்த்திகை 24

அவர்கள் ஊருக்குப் போய் வந்தேன். இருளாயியிடம் உரம் வாங்கப் போவதாகச் சொன்னேன். வீடு வீடாகக் கேட்டோம். ஒரு கிழவர், வால் நெல்லா, அதை மாடுகூடத் தின்னாதே என்று சிரித்தார். எல்லார் வீட்டிலும் டிப்போ நெல். இந்தப் பகுதியிலேயே வால் நெல் இல்லை. கடைசியாக அது இருந்தது என் வீட்டுக் குலுக்கையில்தான் போலிருக்கிறது.

கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

திரும்பும்போது பேருந்து பண்ணை வழியாக வந்தது. நல்ல மழை. சாலையோரக் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. பிளாஸ்டிக் கூரை இழுத்து மூடியபடி இருந்தது. பேருந்து நின்றபோது பக்கவாட்டில் பார்த்தேன். பயிரின் இலைகள் ஊசியாகச் சுருண்டு நின்றன. இன்னும் பச்சைதான். சுற்று வரப்புக்கு வெளியே முழங்கால் தண்ணீர், கூரைக்கு அடியில் மண் வெடித்திருந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே அந்தப் பெண் குடையில்லாமல் நின்று காவலாளியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

பக்கத்து இருக்கைக்காரர், "அந்தக் கூரையத் தூக்கிவிட்டாப் போதும், பொழச்சுக்கிரும்" என்றார். நான் பணப்பையை எடுத்துச் சீட்டுச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

கார்த்திகை 25

இருளாயி என் கைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க."

இதெல்லாம் போனில் சொல்லும் விஷயமல்ல, குறைதீர் நாளில் எல்லார் முன்னிலையிலும் முறையாகச் சொல்ல வேண்டும் என்றேன். ஒருவரைச் சபையில் குற்றம் சொன்னால் சபையில்தான் திரும்பப் பெற வேண்டும். அதுதான் மரியாதை.

"அது எப்ப?"

"மார்கழியில."

"அதுவர அந்தப் பயிரு?"

பயிரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

கார்த்திகை 28

வடக்குச் செய் நன்றாக வருகிறது. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை.

மார்கழி 3

டவுனுக்கு மருந்து வாங்கப் போனேன். பண்ணை வழியாகப் போகாத பேருந்தில் ஏறினேன். சுற்றுவழி.

மார்கழி 7

இரண்டு பேர் கொண்ட விசாரணைக் குழு வருவதாக இருந்தது, மழையால் தள்ளிப் போட்டார்கள். கொட்டகைப் பயிர் வைக்கோலாகிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "நல்லா வேணும் மாமா, நம்ம நெல்லத் திருடுனா இப்படித்தான்" என்றார். டீ ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி 10

நாளை குறைதீர் நாள். என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். ஐந்து தடவை கிழித்தேன். இருளாயி பார்த்துக்கொண்டே இருந்தவள் சொன்னாள்.

"இதுக்கு எதுக்கு இம்புட்டுத் தாளு? என் பேரச் சொல்லுங்க. நான் களவாங்கல. என் புள்ளைகளுக்குத்தான் ஊத்துனேன்."

மார்கழி 11

பேசிவிட்டேன்.

பஞ்ச காலத்தில் என் வீட்டில் விதை நெல்லைச் சாப்பிட்டுவிட்டார்கள் என்றேன். வீட்டுப் பெண்கள் அறியாமல் செய்த பிழை என்றேன். அதற்குப் பதில் டிப்போ நெல் குலுக்கையில் சேர்ந்த விஷயம் எனக்கு நேற்றுத்தான் தெரியவந்தது, தெரிந்த மறுநாளே சபைக்கு வந்துவிட்டேன், டாக்டர் சுகிர்தா மேல் குற்றம் இல்லை, என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

காறித் துப்புவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். கை தட்டினார்கள். முதலில் முன்வரிசை, பிறகு எல்லாரும். ஆட்சியர் எழுந்து வந்து சால்வை போட்டார். இப்படிப்பட்ட நேர்மையான விவசாயிகள் இருப்பதால்தான் மழை பெய்கிறது என்றார். நாலைந்து பேர் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண் இருந்த இடத்தைப் பார்த்தேன். கை தட்டாமல் உட்கார்ந்திருந்தது அவள் மட்டும்தான்.

மார்கழி 12

பத்திரிகையில் வந்துவிட்டது, சால்வையோடு படம். சேதுராசு காலையிலேயே வாங்கிக்கொண்டு வந்து, அக்காவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினான். 'வீட்டுப் பெண்கள் அறியாமல்' என்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்தினான்.

இருளாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அறியாமலா? அறிஞ்சுதான் செஞ்சேன். எல்லாம் அறிஞ்சுதான்."

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"சாப்பிட்டுட்டாங்கன்னு சொல்லியிருக்கீகளே, யாரு? தஞ்சாவூருலருந்து வெறுங்கையா வந்தீகளே, அன்னைக்கு ராத்திரி அதுல மிச்சம் வச்சிருந்தத ரெண்டு கும்பா குடிச்சீக. கஞ்சி நல்லா இருக்குன்னு சொன்னீக. என்ன நெல்லு, எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்த கேட்டீகளா?"

சேதுராசு பத்திரிகையை மடித்துக்கொண்டே எழுந்து போய்விட்டான்.

நான் கேட்கவில்லை. செந்நெல் கஞ்சி சிவப்பாகத்தான் இருக்கும். விளக்கு இருந்தது. எனக்கு அப்போது கண் நன்றாகத் தெரியும்.

மார்கழி 13

இருளாயி எப்போதும் போலச் சோறு போட்டாள், எப்போதும் போல வெந்நீர் வைத்தாள். சாயங்காலம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நேத்துத்தான் தெரியும்னு சொன்னீகளாம். அந்தப் புள்ள வந்து எங்கிட்டக் கேட்டா நான் என்ன சொல்ல?"

சால்வையை எடுத்து ஆட்டுக்குட்டிக்குப் போட்டேன். குளிர் அதிகம்.

மார்கழி 14

காலையில் பண்ணைக்குப் போனேன். கொட்டகைப் பூட்டைத் திறந்திருந்தார்கள். கூரையைச் சுருட்டி விட்டிருந்தார்கள். டாக்டர் சுகிர்தா தனியாக உள்ளே குத்துக்காலிட்டு, ஒவ்வொரு குத்தாகக் கதிரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிர் வெளியே வந்திருக்கிறது, மணி பிடிக்கவில்லை. விரலால் நசுக்கினால் வெறும் உமி. வரிசை வரிசையாக அப்படித்தான். ஓரத்தில் என்னுடையதும்.

நான் குனிந்து ஒரு குத்தைத் தொட்டேன். "வேணாங்கய்யா" என்றார். கையை எடுத்துக்கொண்டேன்.

"மூல விதை இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"இருக்கு. மறுபடி போட்டா ஒரு வருஷம். அதுக்கு நான் இங்க இருக்கணும்."

ஒப்பந்தம் பற்றி ஆட்சியருக்கு நான் எழுதித் தருகிறேன் என்றேன். பத்திரிகையில் என் பேச்சுக்கு இப்போது மதிப்பு இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் கோபம் இருந்தால் தேவலை என்று தோன்றியது. இல்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்யா. கூட்டத்துல நேத்துத்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னீங்க. நெசமா எப்பத் தெரியும்?"

கூட்டத்துக்கு முந்தின நாள் என்றே சொல்லியிருக்கலாம். சபையில் சொன்னதுதான், கை தட்டி ஏற்றுக்கொண்டதுதான். இருளாயி இந்தப் பக்கம் வரப் போவதில்லை. சேதுராசு சொல்ல மாட்டான்.

"தீபத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி" என்றேன்.

அவர் மனதுக்குள் நாட்களை எண்ணியது உதட்டில் தெரிந்தது.

"பஸ்ல போகையில ஒரு நாள் உங்களப் பாத்தேன்" என்றும் சொன்னேன். "மழையில நின்னீங்க."

"அன்னைக்குப் பயிரு உயிரோட இருந்துச்சு" என்றார்.

பிறகு மறுபடி குத்துக்காலிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். மதியப் பேருந்து வரும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். கொட்டகையில் காலியாக ஒரு ஸ்டூல் கிடந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை.